துவர்ப்பு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இட்லி மாவு டப்பாவுக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு பாட்டில் ரெட் வைன் படுத்திருக்கும். அம்மா அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "அதைக் கொஞ்சம் தள்ளி வை, மாவு பொங்குது" என்பார். மூன்று வருடமாக அது 'அது'தான்.

அம்மாவின் அப்பா சம்பள நாளில் கள்ளுக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு வருவாராம். தாத்தாவைப் பற்றி அந்த ஒரு வரிக்கு மேல் அம்மா சொன்னதில்லை. முதல் பாட்டிலை நான் கொண்டுவந்த அன்று, "இது குடி இல்லம்மா, சாப்பாட்டோட ஒரு கிளாஸ், அவ்ளோதான்" என்று விளக்கினேன். "எல்லாரும் முதல்ல ருசிக்குத்தான்டா குடிக்கிறாங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு 28 வயது. நன்யாங்கில் சிவில் படித்துவிட்டுக் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகாதவன் 35 வயதுக்கு முன் தனியாக வீவக வீடு வாங்க முடியாது. அதனால் என் வைன் ரசனை முழுக்க அம்மாவின் சமையலறைக்குள், அம்மாவின் பார்வைக்குள் வளர்ந்தது. சனிக்கிழமை ராத்திரி ஒரு கிளாஸ், ஞாயிறு மத்தியானம் ஒன்று. மிச்சத்தை மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

சிங்கப்பூரில் மலிவான வைன் என்று ஒன்று கிடையாது. இதை நான் கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். இங்கே மதுவுக்கான தீர்வை வைனின் விலைக்கு இல்லை, அதிலுள்ள ஆல்கஹாலுக்கு. சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லி பாட்டில், 13.5 சதவீதம் என்றால் தீர்வை மட்டும் 8 வெள்ளி 91 காசு. அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. 25 வெள்ளி பாட்டிலில் இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 14 வெள்ளி சொச்சம். திராட்சைத் தோட்டம், கண்ணாடி, கப்பல், கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 40 வெள்ளி பாட்டிலில் அதே கணக்குப்படி மிஞ்சுவது 28 வெள்ளிக்குப் பக்கம். நாம் கூடுதலாகக் கொடுப்பது 15 வெள்ளி, ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும் பொருளின் மதிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக இந்த ஊரில் ரொம்பக் குறைந்த விலை பாட்டில்தான் நஷ்டம். 30-லிருந்து 40 வெள்ளிக்குள் தேடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நண்பர்களிடம் எக்செல் ஷீட்டோடு பேசியிருக்கிறேன்.

அந்த விலைக்குள் பிரெஞ்சு வைன் வாங்கும்போது பெயருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. போர்தோவின் பெரிய பெயர்களை விட்டுவிட்டுத் தெற்கே இறங்கினால் கோத் தூ ரோன், அதற்கும் கீழே லாங்டொக். அங்கெல்லாம் நம்மூர் பால் சங்கம் மாதிரி கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. சின்ன விவசாயிகள் திராட்சையைக் கொண்டுவந்து கொட்ட, சங்கமே வைன் செய்து விற்கிறது. கோத் தூ ரோனில் பெரும்பாலும் கிரெனாஷ் திராட்சை. கனிந்த பழத்தின் மணமும் லேசான மிளகு வாசமும் இருக்கும். மட்டன் சுக்காவுக்கு அதைவிட நல்ல ஜோடி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. காரக் குழம்பு என்றால் போஜொலே. அது காமே திராட்சை, துவர்ப்பு குறைவு. துவர்ப்பும் ஆல்கஹாலும் கூடக்கூட மிளகாயின் எரிச்சலும் கூடும் என்பது நான் நாக்கால் கற்ற பாடம்.

இன்னொரு பாடம் வெப்பம். ரெட் வைனை 'அறை வெப்பநிலையில்' குடிக்கச் சொல்வார்கள். அது ஐரோப்பாவின் பழைய வீடுகளின் அறை, 16-18 டிகிரி. எங்கள் நாலறை வீட்டில் 30. சமையல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 18-க்கு இறங்க எங்கள் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த தேறலைச் சொல்கிறார். அந்தத் தேறலும் குளிர்ந்ததுதான். வெயில் ஊர்க்காரர்களுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது.

இப்படி எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்த எனக்கு, போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு கேள்வி காத்திருந்தது.

மட்டன் வாங்கப் போயிருந்தேன். வழியில் வாங்கிய பாட்டில் துணிப்பையில் இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம், என் தளத்தில் கம்பி கட்டும் அண்ணன் ஒருவர் எதிரே வந்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து பதினோரு வருடம். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுக் காய்கறிப் பையோடு நின்றார். என் பையிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டார்.

"என்ன விலை சார்?"

"முப்பத்திரண்டு" என்றேன். நல்ல விலை என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் மனசுக்குள் எதையோ வகுத்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டார்: "எங்க வச்சு சார் குடிப்பீங்க?"

"வீட்லதாண்ணே."

"ஆமா. வீடு இருக்குல்ல" என்று சிரித்தார். குத்தல் இல்லை, நிஜமான சிரிப்புதான்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஹேம்ப்ஷியர் சாலை முனை கூப்பிடு தூரம். 2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு ராத்திரி, அங்கேதான் ஒரு தனியார் பேருந்தில் அடிபட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். பிறகு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்தது. தீவு முழுக்க இரவு 10.30-லிருந்து காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கூடுதலாக, சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை கூடாது. அதாவது அண்ணனுக்கு லீவு கிடைக்கும் நாள் முழுக்க. உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கலாம், அது அந்த விலை. வேறு பேட்டையின் பூங்காவில் குடிக்கலாம். "அங்க உக்காந்தா யாராச்சும் ஒரு மாதிரி பாப்பாங்க சார்" என்றார்.

நான் இந்தச் சட்டத்தைக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அந்த வட்டாரவாசிகளுக்கும் நிம்மதி வேண்டும். ஆனால் என் எக்செல் ஷீட்டில் தீர்வை இருந்தது, ஜிஎஸ்டி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு கூடம் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஒரே பாட்டில்தான். என் கூடத்தில் திறந்தால் ரசனை. ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்வெளியில் ஞாயிற்றுக்கிழமை திறந்தால் குற்றம்.

"அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வாங்கண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தார்.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு டஜன் ஆரஞ்சுமாக வந்தார். அம்மா "வாங்க தம்பி" என்றார், அதற்கு மேல் முகத்தில் எதுவும் காட்டவில்லை. இலை போட்டு மட்டன் சுக்கா, ரசம். நான் கோத் தூ ரோனைத் திறந்து, இருக்கிற நல்ல கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"தம்பி, இது நாவப்பழம். மரத்தடியில பொறுக்கித் தின்னா நாக்கு ஊதாவாகி இழுத்துப் பிடிக்கும்ல, அந்தத் துவர்ப்பு."

தளத்தில் சார், வீட்டில் தம்பி. நான் மூன்று வருடமாகப் பாட்டிலின் பின்பக்கத்தில் எழுதியிருந்த, பார்த்தேயிராத பழங்களின் பெயர்களை நாக்கில் தேடிக்கொண்டிருந்தேன். அறுசுவையில் துவர்ப்புக்கென்று ஓர் இடம் ஒதுக்கிவைத்த மொழி எனக்கு இருந்தது. ஊரில் நாவல் மரம் வைத்திருந்தவருக்கு அது ஒரு வாயில் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கிளாஸ் ஊற்றப் போனபோது கையால் மறைத்தார். "போதும் தம்பி. விடுதிக்குள்ள போறப்ப வாசனை அடிச்சா பேச்சு வாங்கணும்." அம்மா எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு கிராம்பு எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மட்டன் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தார். லிஃப்ட் வரை நான் போனேன். கிராம்பை மென்றுகொண்டே கையாட்டினார்.

திரும்பி வந்தபோது அம்மா கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உன் தாத்தா வீட்ல வச்சுக் குடிச்சதே இல்லடா. ஒரே ரூம்ல ஒம்போது பேரு. எங்க உக்காந்து குடிப்பாரு?"

தாத்தாவைப் பற்றி அம்மா எனக்குச் சொன்ன இரண்டாவது வரி அது. மீதி பாட்டிலை மூடி, மாவு டப்பாவைத் தள்ளி, அதன் இடத்தில் வைத்தேன்.