எங்கள் ஸ்கூட்டி, எங்கள் பற்றரி

பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எங்கள் பகுதியில் இன்று புதினமான விடயமல்ல. பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, குடும்பநல உத்தியோகத்தர், வங்கியில் வேலை செய்யும் பிள்ளை, மரக்கறி கொண்டு சந்தைக்குப் போகும் அம்மா என்று எல்லோரும் ஸ்கூட்டியில்தான் போய் வருகிறார்கள். ஆனால் வண்டியை ஓட்டப் பழகிய நாங்கள், அதன் இருக்கைக்குக் கீழேயும் கால் வைக்கும் தட்டுக்குக் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகவில்லை. பெற்றோல் அடிப்பதும் காற்று அடிப்பதும் எங்கள் வேலை, மற்றதெல்லாம் அண்ணன், தம்பி, கணவன் அல்லது கராஜ்காரரின் வேலை என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து மாலைப்பொழுது ஒன்று அந்த எண்ணத்தை மாற்றியது.

கிளிநொச்சி மாவட்டத்தில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். அன்று பிற்பகல் நான்கு மணியளவில் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். கணவனின் அடி தாங்க முடியாமல் இரண்டு பிள்ளைகளுடன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, சந்தியில் உள்ள பஸ் தரிப்பிடத்தில் நிற்பதாகச் சொன்னார். ஊரின் பெயரை எழுதுவது முறையல்ல. நகரத்திலிருந்து பதினாறு கிலோமீற்றர், அதில் அரைவாசிக்கு மேல் கிறவல் வீதி என்று மட்டும் சொல்லலாம். மூன்று மாதமாக நான் சந்தித்துக் கதைத்து வந்த பெண் அவர். "முடியாத கட்டம் வந்தால் ஒரு கோல் எடுங்கோ, நான் வருவன்" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் எடுத்திருக்கிறார்.

"அங்கேயே நில்லுங்கோ தங்கச்சி, முக்கால் மணித்தியாலத்தில வாறன்" என்று சொல்லி வெளிக்கிட்டேன். இடையில் அந்தப் பகுதிக் கிராம அலுவலரின் வீட்டில் ஐந்து நிமிடம் நிறுத்தி விடயத்தைச் சொன்னேன். திரும்பி வந்து ஸ்ராட் பண்ணினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டுந்தான். கோர்ன் அடித்துப் பார்த்தேன். தொண்டை கட்டிய காகம் போல ஒரு சத்தம் வந்து நின்றது. காலால் மிதிக்கும் கிக்கர் ஒரு வருடத்துக்கு முன்னரே உடைந்துவிட்டது. பொத்தானை அமத்தினால் ஸ்ராட் வருகிறதே, அது எதற்கு என்று திருத்தாமல் விட்டது நான்தான்.

வழியில் போன இரண்டு இளைஞர்கள் இறங்கி வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். கியர் மாற்றும் மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஸ்ராட் பண்ணலாம். ஸ்கூட்டியில் அது சரிவராது. அதில் இயந்திரம் வேகமாகச் சுற்றினால்தான் கிளச் சில்லோடு பிடிக்கும். சில்லு சுற்றுவதால் இயந்திரம் சுற்றாது. இது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வியர்த்து ஒழுகும்வரை தள்ளினார்கள். ஓட்டோ பிடிப்போம் என்றால், எரிபொருள் பங்கீட்டு முறையில் கிடைத்த காலம் அது. ஒரு ஓட்டோ கிடைக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அந்தத் தாயின் தொலைபேசியோ நிறுத்தப்பட்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்துத் தேநீர்க்கடை அம்மா சொன்னார்: "கனநேரம் றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டது மிஸ். சின்னவன் பசியில அழத் தொடங்கிட்டான். பிறகு புருசன் வந்து கூட்டிக்கொண்டு போட்டார்."

அவர் மறுபடியும் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட ஐந்து மாதங்கள் சென்றன. இன்று பிள்ளைகளோடு தனியாகப் பாதுகாப்பாக இருக்கிறார். என்னில் அவருக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் ஒவ்வொரு நாளையும் நான் எண்ணியிருக்கிறேன். அவருக்கு என்னுடைய இலக்கத்தை மட்டும் கொடுத்து வைத்திருந்ததும் பிழைதான். இப்போது யாருக்கும் என் இலக்கத்தோடு சேர்த்து பெண்கள் உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119 ஆகியவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன். அது வேலையில் கற்ற பாடம். மற்றப் பாடம் பற்றரியில் கற்றது.

பிழை எங்கே தொடங்கியது?

அடுத்த நாள் வண்டியை எங்கள் ஒழுங்கையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தொட முதல் என்னிடம்தான் கேள்வி கேட்டார். "பிள்ளை, இது எவ்வளவு காலம் ஓடாமல் நிண்டது? பற்றரி எப்ப மாத்தினது? எங்க மாத்தினது?"

2022 நடுப்பகுதியில் நாட்டில் பெற்றோல் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஸ்கூட்டி கொட்டிலில் நின்றது. ஓகஸ்ட்டில் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைக்கத் தொடங்கியபோது பெற்றோல் இருந்தது, பற்றரி செத்துவிட்டது. ஒரு கடைக்குப் போய்ப் புதிய பற்றரி கேட்டேன். எந்த அளவு, என்ன வகை என்று நான் கேட்கத் தொடங்கவே, "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது மிஸ், வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தா அனுப்புங்கோ" என்றார் கடையில் நின்றவர். எனக்கு ரோசம் வந்தது. ரோசத்தில் கேள்வி கேட்டிருக்க வேண்டும். நானோ வாயை மூடிக்கொண்டு, தந்ததை வாங்கிக் கொண்டு வந்தேன்.

ஐயா அந்தப் பற்றரியைக் கழற்றி என் கையில் தந்தார். என் வண்டிக்கு 12 வோல்ற், 5 அம்பியர் மணி உள்ள பற்றரி வேண்டும். தந்திருந்ததோ 3 அம்பியர் மணி. அடியில் கடதாசி மட்டை மடித்து வைத்து இறுக்கியிருந்தார்கள். மேலே பொறித்திருந்த உற்பத்தித் திகதி ஒரு வருடத்துக்கு மேல் பழையது. உத்தரவாத அட்டையில் விற்ற திகதி எழுதப்படவில்லை. "இவ்வளவும் இதிலயே எழுதிக் கிடக்குது பிள்ளை. வாசிக்கத் தெரிஞ்ச ஆள்தானே நீர்?" என்றார். சமூகவியலில் பட்டம் பெற்ற எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அன்று தொடங்கி ஐயாவிடம் கேட்டும், வண்டியோடு வந்த கைநூலை வாசித்தும் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, அளவு. வோல்ற்றும் அம்பியர் மணியும் கைநூலில் உண்டு. பழைய பற்றரியிலும் உண்டு. வோல்ற் மாறவே கூடாது. அம்பியர் மணி என்பது பற்றரி எவ்வளவு மின்னைச் சேமித்து வைக்கும் என்பதைச் சொல்லும். தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவு போன்றது. குறைந்ததைப் போட்டால் இரண்டு மூன்று முறை ஸ்ராட் பண்ணும்போதே இறங்கிவிடும். நீளம், அகலம், உயரமும், சிவப்பு முனை எந்தப் பக்கம் என்பதும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் ஆடும் பற்றரி கிறவல் வீதியில் அதிர்ந்து, உள்ளே தகடுகள் சேதமாகும்.

இரண்டாவது, வகை. மூடி திறந்து தண்ணீர் விடும் வகை ஒன்று. மூடி முத்திரையிட்ட, தண்ணீர் விடத் தேவையில்லாத வகை மற்றது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரண்டாவது வசதி. விலை சற்றுக் கூட. 'பராமரிப்புத் தேவையில்லை' என்பது தண்ணீருக்கு மட்டுந்தான். சார்ஜ் இறங்காமல் பார்க்கும் வேலை அதிலும் உண்டு. முத்திரையிட்ட மூடியை எக்காரணம் கொண்டும் கிளப்பக் கூடாது.

மூன்றாவது, திகதி. பற்றரி கடைத் தட்டில் சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்ல மெல்ல இறங்கும். ஆகவே புதிய திகதியைக் கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் திகதியைக் குறியீடாகப் பொறிக்கும். என்னவென்று கடைக்காரரிடம் வெட்கமில்லாமல் கேளுங்கள். முடிந்தால் கடையிலேயே மீற்றர் வைத்து வோல்ற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைந்த பற்றரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் சார்ஜ் ஏற்றித் தரும்படி கேளுங்கள். 12க்குக் கீழே என்றால் வாங்க வேண்டாம்.

நான்காவது, அமிலம் ஊற்றும் வகையாயின், ஊற்றிய உடனே பூட்டி ஓடக்கூடாது. அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பின்னர் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். 5 அம்பியர் மணி பற்றரிக்கு அரை அம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு போதும். கார்ப் பற்றரிக்கு ஏற்றும் வேகத்தில் ஏற்றினால் சூடேறிக் கெட்டுவிடும். அவசரம் என்று சொல்லி இந்த வேலையைத் தவிர்க்கும் கடைகள் உண்டு. காத்திருந்து வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

பற்றரிக்கு ஆகாத விடயம் வெறுமையாகக் கிடப்பது. இறங்கிய நிலையில் நாட்கணக்காக விட்டால் தகடுகளில் ஈயசல்பேற்று கட்டிப்படும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுமையாக ஏறாது. கொட்டிலில் நின்ற என் பழைய பற்றரிக்கு நடந்தது இதுதான். பல நாள் வண்டி ஓடாது என்றால் மறைமுனை வயரைக் கழற்றி விடுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். முற்றத்தில் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைப்பது போதாது. ஸ்ராட்டர் எடுத்த மின்னே அந்த ஐந்து நிமிடத்தில் முழுமையாகத் திரும்பி வந்து சேராமல் போகலாம். அதுபோல, கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியை இடைக்கிடை அரை மணித்தியாலம் தூர ஓட்டம் ஓட்டுங்கள்.

தண்ணீர் விடும் வகையில் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் கண்டிருப்போம். அதே உப்புகள் பற்றரிக்குள் போனால் அதன் ஆயுள் முடிந்தது. கொதிக்க வைத்து ஆறவிட்டாலும் அவை போகாது. அமிலமும் விடக்கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், ஆகவே விடவேண்டியதும் தண்ணீர் மட்டுந்தான்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வயர்களைக் கழற்றி, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். சோடா உள்ளே போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். காய்ந்தபின் வயர்களை இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலின் பூசினால் மறுபடி பூக்காது. கழற்றும்போது முதலில் மறைமுனை, பிறகு நேர்முனை. பூட்டும்போது முதலில் நேர்முனை, பிறகு மறைமுனை. இந்த ஒழுங்கை மாற்றினால், சாவி வண்டியின் இரும்பில் முட்டும்போது தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். அது தீப்பற்றும். ஆகவே அடுப்படியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள்.

புதிய பற்றரியும் அடிக்கடி இறங்கினால் பிழை பற்றரியில் இல்லாமலும் இருக்கலாம். இயந்திரம் சற்று வேகமாக ஓடும்போது மீற்றர் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் கூடுதலாக ஏறுகிறது. இரண்டுக்கும் றெகுலேற்றரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பற்றரிக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

பழைய பற்றரியைக் குப்பையில் போடவோ பின்வளவில் எறியவோ வேண்டாம். அதற்குள் ஈயம் இருக்கிறது. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழிப்பார்கள்.

ஒரு மணித்தியால வகுப்பு

பெண்பிள்ளை குசினிக்குள்ளும் ஆண்பிள்ளை கராஜுக்குள்ளும் வளர்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் சமூகமயமாக்கலைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். அது என் சொந்த ஸ்கூட்டியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் சென்றது. 2009க்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. அந்த வீடுகளில் 'ஆம்பிளையளை அனுப்புங்கோ' என்றால் யாரை அனுப்புவது?

அதனால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில், கணக்கறிக்கை முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குகிறேன். ஒரு சாவி, ஒரு சிறிய மீற்றர், ஒரு கோப்பை அப்பச்சோடாக் கரைசல். இவ்வளவுதான் சாமான். முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருவர் தன் வண்டியின் மூடியைக் கழற்றுவார். மற்றவர்கள் சுற்றி வந்து குனிவார்கள். ஒரு கூட்டத்தில், பன்னிரண்டு வருடமாகத் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அம்மா தன் பற்றரியின் முனையை இறுக்கியதும் கோர்ன் பலமாக அடித்தது. "இதுக்கோ பிள்ளை நான் ஒவ்வொரு முறையும் காசு குடுத்தனான்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

என் கிக்கரையும் திருத்திவிட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியின் மூடியைக் கழற்றிப் பற்றரியைப் பார்க்கிறேன். பத்து நிமிட வேலை. அன்று அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருந்திருந்தால், ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இருட்டும்வரை வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள். சகோதரிகளே, உங்கள் வண்டியை நம்பியும் யாரோ ஒருவர் எங்கோ காத்திருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மூடியைக் கழற்றிப் பாருங்கள்.