மணல், மண், மொட்டை மாடி

கால்பந்தில் குதிப்பதைவிடக் கடினமானது தரையிறங்குவது. பந்தைத் தலையால் முட்ட எழும்பும் பெண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். புகைப்படக்காரர்களும் அந்தக் கணத்தைத்தான் எடுக்கிறார்கள். அடுத்த கணம் அவளுடைய எடையின் பல மடங்கு விசை ஒற்றை முழங்காலில் வந்து இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை. அந்த முழங்கால் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்தால் போதும். உள்ளே ஏ.சி.எல். என்று ஒரு லிகமென்ட் இருக்கிறது. சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அது கிழிந்தால் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது எட்டு, ஒன்பது மாதம் ஆகும்.

2023 பெண்கள் உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லியா வில்லியம்சனும் பெத் மீடும் ஆடவில்லை, நெதர்லாந்தின் விவியானே மீடமாவும் ஆடவில்லை. மூவருக்கும் இதே காயம். கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பாதிக்கும் மேற்பட்ட சமயங்களில் யாரும் வந்து மோதுவதில்லை. தானாகக் குதித்து இறங்கும்போதோ, சட்டெனத் திரும்பும்போதோதான் நடக்கிறது.

இதெல்லாம் நான் படிக்க ஆரம்பித்தது கடலூரில் இருக்கும் அக்கா கேட்ட ஒரு கேள்வியால். அவள் மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி அணியில் ஆடுகிறாள். அதே அணியில் ஒரு ப்ளஸ் டூ பெண்ணுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடக்கிறாள். "டேய், நீதான் நெட்ல எல்லாம் படிக்கிறியே. இவ ஆடலாமா, நிறுத்திரட்டுமா? நாளைக்கு ஒண்ணுன்னா இவங்க பாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

பாட்டிக்கு முழங்கால் பிரச்சினையே இல்லை. அவருடைய பிரச்சினை குதிப்பது. வயசுக்கு வந்த பெண் தொம்தொம்மென்று குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பது அவர் கட்சி.

பெண்களின் முழங்கால் ஏன் அதிகம் கிழிகிறது என்று தேடினால் இடுப்பின் அகலம், ஹார்மோன், எலும்பின் அமைப்பு என்று பட்டியல் வரும். அவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் படிக்கப் படிக்க எனக்குப் பாட்டியின் குரல்தான் கேட்டது. பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஒரு பெண் மளமளவென்று வளர்கிறாள். கால் எலும்பு நீள்கிறது, எடை கூடுகிறது. அந்த வேகத்துக்குத் தொடையின் வலு கூடுவதில்லை. புது உடம்பை எப்படித் தரையில் இறக்குவது என்று அவள் திரும்பக் கற்க வேண்டிய வயது அது. சரியாக அந்த வயதில்தான் நாம் அவளிடம் "குதிக்காதே" என்கிறோம். தம்பி அந்நேரம் மதில் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அது ஓசிப் பயிற்சி.

குதிப்புப் பயிற்சிக்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயர். 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி இதை முறைப்படுத்தினார். உயரத்திலிருந்து இறங்கி, கால் தரையைத் தொட்டதும் தாமதிக்காமல் மேலே எழும்பு. அவ்வளவுதான். தசையும் அதன் நாணும் இழுபட்ட ரப்பர்போலச் சக்தியைச் சேர்த்து வைக்கும். உடனே எழும்பினால் அது திரும்பக் கிடைக்கும். தரையில் தங்கத் தங்க அது வெப்பமாகப் போய்விடும்.

இங்கேதான் தரை முக்கியமாகிறது. கெட்டித் தரை சக்தியைத் திருப்பித் தரும், கூடவே அதிர்ச்சியையும் தரும். மணல் இரண்டையும் விழுங்கிவிடும். பாதம் புதைவதால் ரப்பர் வேலை செய்யாது, தசை தன் பலத்தில் தள்ளியாக வேண்டும். மணலில் ஓடக் கெட்டித் தரையைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கால்பந்து வீரர்களைப் புல்லிலும் மணலிலும் நான்கு வாரம் குதிக்கவிட்ட ஓர் ஆய்வு 2008இல் வந்தது. ஓட்டத்தின் வேகம் இரு குழுவுக்கும் ஒரேபோல முன்னேறியது. இறங்கி எழும்பும் குதிப்பில் புல் குழு முந்தியது. மணல் குழுவுக்குத் தசைவலி குறைவு.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "ஆமா மாமா, தேவனாம்பட்டினம் பீச்ல எவ்ளோ குதிச்சாலும் மறுநாள் வலிக்காது. ஆனா கிரவுண்டுக்கு வந்தா கால் சோம்பேறியா இருக்கும். ரெண்டு நாள் ஆகும் சரியாக." ஆய்வுக்கட்டுரை நான்கு பக்கத்தில் சொன்னதை அவள் முழங்கால் நாலு வரியில் சொல்லிவிட்டது.

எந்தத் தரை நல்லது என்பது தரையைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களின் கேள்வி. 2015 உலகக் கோப்பையை கனடாவில் முழுக்கச் செயற்கைப் புல்லில் நடத்தினார்கள். ஆண்களின் உலகக் கோப்பை ஒன்றுகூட அப்படி நடந்ததில்லை. முந்தைய வருடமே பல நாட்டு வீராங்கனைகள் சட்டப்படி புகார் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உலகக் கோப்பை ஆடுகிறவர்களுக்கே அந்த நிலை. எங்கள் பெண்ணின் பள்ளியில் மைதானத்தின் நடுவில் பையன்களின் கிரிக்கெட். பெண்களுக்கு மதிலோரம், சரளைக்கல் தெரியும் செம்மண். இத்தனைக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இதே கடலூர்க்காரர்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் நார்வேயிலிருந்து வந்தது. 13 முதல் 17 வயது வரையிலான கிட்டத்தட்ட 1,900 பெண்களை வைத்து அங்கே ஒரு சோதனை நடந்தது. 2008இல் முடிவு வெளியானது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம்: ஓட்டம், வலு, ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்கால் நேராக இறங்குவது. பந்தைத் தவிர எந்தச் சாமானும் வேண்டாம். செய்தவர்களுக்கு மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாயின. "நிறுத்தாதக்கா. குதிக்கிறத நிறுத்தினா பயம் போகாது. இறங்கக் கத்துக்கட்டும்."

அவர்களுடைய சாரிடம் பேசினேன். அவருக்கு பிளையோமெட்ரிக்ஸ் என்ற பெயரில் அக்கறை இல்லை, விஷயத்தில் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் மணல் என்று வைத்துக்கொண்டார். செம்மண்ணில் கல் பொறுக்கிவிட்டு ஒரு நாள், குறைந்த எண்ணிக்கையில். எல்லாத் தரைக்கும் ஒரே விதி: சத்தம் வராமல் இறங்கணும். சத்தம் வந்தால் முழங்கால் மடங்கவில்லை என்று அர்த்தம். ஹெட்மாஸ்டரிடம் வாரம் இரண்டு நாள் நடு மைதானம் கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை. ஆபரேஷன் ஆன பெண் இப்போது ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னப் பெண்களின் முழங்காலைப் பார்த்துத் திருத்துகிறாள்.

மழை நாட்களில் அக்கா மகள் மொட்டை மாடியில் பழகுகிறாள். சிமெண்டுத் தரை என்பதால் ஒரு படி உயரத்துக்கு மேல் வேண்டாம் என்று சார் சொல்லியிருக்கிறார். கீழ் அறையில் பாட்டி. போன வாரம் போனில் கேட்டார்: "ஏம்ப்பா, அவ மேல போய் அரைமணி நேரமாச்சு. ஒரு சத்தத்தையும் காணோமே, குதிக்கிறாளா இல்லையா?"