மரை கழண்டால் புதுப்பேட்டை!

சென்னைக்கு வருகிறவர்கள் மெரீனாவைப் பார்க்கிறார்கள். மகாபலிபுரம் போகிறார்கள். தி.நகரில் புடவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். 'புதுப்பேட்டையைச் சுற்றிப் பார்த்தேன்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வண்டி படுத்தால்தான் அங்கே போவார்கள். ஆனால், ஒரு தடவை போய்விட்டால், அப்புறம் வண்டி நன்றாக ஓடினால்கூட சும்மா ஒரு நடை போகத் தோன்றும்!

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, பொடிநடையாகவே போய்விடலாம். ஓரமாகக் கூவம். அக்கரையில் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய இடம் அது. 'சின்னத் தறிப்பேட்டை'தான் அப்படி ஆயிற்று என்பார்கள். அந்தக் கரையில் நூலைச் சேர்த்துத் துணியாக்கினார்கள். இந்தக் கரையில் வண்டியைப் பிரித்து நட்டும் போல்ட்டும் ஆக்குகிறார்கள். 2006-ல் செல்வராகவன் எடுத்த படத்தின் புண்ணியத்தில் 'புதுப்பேட்டை' என்றாலே பலருக்கு அரிவாள் ஞாபகம்தான் வரும். நேரில் போய்ப் பாருங்கள்... எல்லார் கையிலும் ஸ்பானர்!

ஒரு கடையில் வெறும் கார்க் கதவுகள். அடுத்ததில் ஹெட்லைட்டுகள், ஆளில்லாத முகங்களாக முறைத்துக்கொண்டிருக்கின்றன. பிளாட்பாரத்தில் கோணிமேல் கார்புரேட்டர், கிளட்ச் பிளேட், ஸ்பீடாமீட்டர் எல்லாம் காய்கறி மாதிரி பரப்பியிருக்கும். இங்கே 'இல்லை' என்கிற வார்த்தை கிடையாது. "எந்த மாடல் ஸார்?" என்பார்கள். சொன்னதும் ஒரு பையன் நாலு கடை தள்ளி ஓடுவான்.

நண்பர் ஒருவருடன் அங்கே போக வேண்டி வந்தது. தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் ஆபீசுக்குத் தினமும் ஆர்.எக்ஸ். 100-ல் வருகிறவர். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. அதுவும் அவருடையதல்ல, அப்பாவுடையது. ரிடையராகும் வரை அப்பா அதில்தான் வேலைக்குப் போனார். இரண்டு பிள்ளைகளையும் டாங்க் மேல் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் என்று உட்காரவைத்து ஸ்கூலில் விட்டார். சாவியைப் பையனிடம் தரும்போது, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாமனார் மாதிரி கண்கலங்கி, "பாத்துக்கடா" என்றாராம்.

எங்கோ ஒரு சர்வீசில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தவர், திரும்ப மாட்டும்போது கையால் திருகியதோடு விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் 'உஸ்... உஸ்...' என்று சத்தம். பிக்-அப் இல்லை. பிளக்கைச் சுற்றி எண்ணெய் கசிந்த கறை. அடுத்த வாரம், ஜி.எஸ்.டி. ரோட்டில் 'பட்'டென்று ஒரு வெடி. குனிந்து பார்த்தால், பிளக் வெளியே வந்து ஒயரில் தொங்குகிறது! அப்பா திருச்செந்தூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இவருக்குக் கைகால் உதறல்.

இத்தனூண்டு பிளக் லூசானதற்கு இவ்வளவு ரகளையா என்று கேட்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், பிளக் செகண்டுக்கு 100 தடவை பற்றவைக்கிறது. அந்த 100 வெடியையும் பிளக்கின் மரைதான் தாங்குகிறது. அந்த மரை எவ்வளவு தெரியுமா? 14 மி.மீ. குறுக்களவு, அரை அங்குல நீளம். மொத்தமே பத்துச் சுற்று! பிளக் லூசாக இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் அது ஆடும். பிளக்கின் மரை இரும்பு, ஹெட்டின் மரை அலுமினியம். யார் தேய்வார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளக்குக்கு ஏறும் சூடு, வாஷர் வழியாகவும் மரை வழியாகவும்தான் ஹெட்டுக்குள் இறங்க வேண்டும். இறுக்கம் இல்லாவிட்டால் இறங்காது. பிளக்கின் நுனி கங்கு மாதிரி பழுத்து, ஸ்பார்க் வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். மேலே ஏறி வருகிற பிஸ்டனுக்கு நடு மண்டையில் அடி! அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடுகிற சமாசாரம். கடைசியில் பிஸ்டனில் ஓட்டை.

புதுப்பேட்டையில் முதல் கடைக்காரர் ஹெட்டைப் பார்க்காமலேயே, "வேற ஹெட் போட்டுக்க தம்பி" என்றார். தொங்கிய ஹெட்டுகளில் ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டால், அதிலும் மரை மொழுக்! பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆசாமி, "குழாய்க்குச் சுத்துற டேப்பைச் சுத்தி மாட்டு, நிக்கும்" என்று இலவச யோசனை சொன்னார். நிற்கும், அடுத்த சிக்னல் வரை! அந்த டேப் எஞ்சின் சூட்டுக்குத் தாங்காது. பிளக்கின் சூட்டையும் இறங்க விடாது.

மூன்றாவதாக ஒரு சந்துக்குள், லேத் பட்டறை. பெரியவர் ஹெட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடவே கொண்டுபோன பிஸ்டனைத் தடவினார்.

"உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு பாய்."

"அப்புறம் ஏன் ஓட்டினே? பிஸ்டன் தப்பிச்சுது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா பேப்பர் வெயிட்டாதான் வெச்சிருக்கணும்!"

இரண்டு வழி சொன்னார். ஒன்று ஹெலிகாயில். பெரிய மரை போட்டு, அதற்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருளைத் திருகிவிடுவது. இன்னொன்று புஷ். இந்த ஹெட்டில் துளையே கோணலாகிவிட்டதால் புஷ்தான் என்று தீர்ப்பானது.

லேத் சுழன்றது. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டினார். பித்தளைக் கட்டையிலிருந்து ஒரு புஷ் கடைந்தார். வெளியே பெரிய மரை, உள்ளே பழைய 14 மி.மீ. மரை. "ஏன் பித்தளை? இரும்பு இன்னும் கெட்டியாச்சே?" என்றேன். "ஹெட்டு சூடானா விரியும், இரும்பு அவ்ளோ விரியாது. லூசாயிடும். பித்தளை கூடவே வரும்" என்றார். கணக்கு சரிதான். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பித்தளையின் விரிவு அலுமினியத்துக்குத்தான் பக்கம். பாடப் புத்தகத்தில் ஒரு பாராவாகக் கிடப்பதை மனுஷர் விரல் நுனியில் வைத்திருந்தார்!

புஷ்ஷைத் திருகி, விளிம்பில் பஞ்ச் வைத்து நாலு தட்டு தட்டிப் பூட்டினார். பிளக்கை மாட்டி, நுனி முன்பிருந்த ஆழத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தார். கூடுதலாக இறங்கினால் பிஸ்டன் முட்டும். ஏறினால் எஞ்சின் சரியாக எரிக்காது. கடைசியில் ஒரு துருவல்கூட ஒட்டாமல் கழுவிக் கொடுத்தார். ஹெட்டைக் கழற்றாமல் வண்டியிலேயே மரை போடக்கூடாது என்பது இதற்காகத்தான். துருவல் உள்ளே விழுந்தால் சிலிண்டர் கோவிந்தா!

ஞாயிறு காலை அப்பா வந்தார். பிரசாதத்தைக்கூடக் கொடுக்காமல் நேரே வண்டியிடம் போய் ஒரு உதை உதைத்தார். ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். "ஹெட்டுல கை வெச்சியா?" நண்பர் திருதிரு. "பரவால்ல... நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றபடி உள்ளே போய்விட்டார். நண்பருக்கு அன்று இரண்டாவது தீபாவளி.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சின் ஆறிய பிறகு, பிளக்கை முதலில் விரலாலேயே கடைசிவரை திருகுங்கள். புது வாஷராக இருந்தால் அதன் பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று. பழசு என்றால் அதைவிடக் குறைவு. பலசாலி என்று காட்டிக்கொள்ள வேண்டாம். அதிகம் இறுக்கினாலும் மரை போகும். 'உஸ்' என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிளக்கே இல்லாத பாட்டரி வண்டிகள் ரோட்டில் பெருகி வருகின்றன. அதற்காக லேத்துக்காரர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "அதுலயும் போல்ட்டு நட்டு இருக்குல்ல?" என்று சிரித்தார். ஊரில் யாருக்காவது மரை கழண்டுவிட்டது என்றால் நாம் தள்ளி நடக்கிறோம். புதுப்பேட்டையில், "கொண்டா, பார்ப்போம்" என்கிறார்கள்!