லயக்காம்பராவும் மரக்கலமும்

அப்புத்தளை மலைமுகட்டில் நின்று தெற்கே நோக்குபவர்க்கு, வானம் தெளிந்த விடியற்காலையிலே, மலை சட்டென்று அற்றுப்போவதும், கீழே தாழ்நிலம் விரிந்து செல்வதும், அதன் எல்லையிற் கடல் ஒரு வெள்ளிக் கோடாய்த் தென்படுவதும் காணக் கிடைக்கும். வெயில் ஏற அக்கடல் மறைந்துவிடும். அதற்கு ஈடாக மற்றொரு கடல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனியாய் எழுந்துவந்து தேயிலை மலைகளையும் லயங்களையும் விழுங்கிக்கொள்ளும். பனிக்கு மேலே தகரக் கூரை மட்டும் தெரிய நிற்கும் நீண்ட லயமொன்றைக் காண்பவர், நங்கூரமிட்ட மரக்கலமொன்றை நினைத்தல் இயல்பே. ஆயின் அவ்வாறு நினைப்பவர் வெளியாராகவே இருப்பர். உள்ளே வாழ்பவர்க்கு அது லயம். காற்றுப் புகுந்து தகரத்தைத் தூக்கிவிடாதபடி மேலே கல்லேற்றி வைக்கவேண்டிய லயம்.

மேலைநாடுகளிலே வீட்டையும் தளபாடங்களையும் விற்றுவிட்டு, பாய்மரப் படகொன்றை வாங்கி, அதிலேயே குடியேறும் தம்பதியர் உளர். நாயையும் பூனையையும் உடன் கொண்டுசெல்வர். அவர்கள் தம் அனுபவங்களை எழுதுங்கால் பெரும்பாலும் ஒரே வகையான இடர்களையே எடுத்துரைப்பர். இருவர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும், நீரை அளந்து செலவிடவேண்டும், துணி உலர்வதில்லை, பிராணிகளின் நாற்றம் படுக்கை வரை வரும், கோபித்துக்கொண்டு போவதற்கு வேறோர் அறை இல்லை. தோட்டத்திலே பிறந்து வளர்ந்த ஒருவர் இதனைப் படிப்பாராயின் சிரிப்பை அடக்குதல் கடினமாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றிலே, பாட்டன் காலந்தொட்டு, ஒருவரும் எழுதிவையாமலே நடத்தப்பெற்றுவரும் குடித்தனம் இதுவேயன்றோ?

இவ்விரு வாழ்க்கைகளும் அப்புத்தளையில் ஒரு மனிதர் வழியாகச் சந்தித்துக்கொண்டன என்பது வேடிக்கையானது. 1890இல் இலங்கைக்கு வந்து தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் பாய்மரப் படகுப் பந்தயத்தில் தீராத மோகமுடையவர். அமெரிக்கக் கிண்ணத்தை வெல்லும் பொருட்டு 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் 'ஷம்ரொக்' என்ற பெயருடைய ஐந்து படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுவித்து ஐந்து முறையும் தோற்றார். 'எரின்' என்ற உல்லாசக் கப்பலொன்றும் அவரிடம் இருந்தது. பிரபுக்கள் அதில் விருந்துண்டனர். அவர் தேயிலையைக் கொய்தோரின் வீட்டைக் கட்டுதற்கு வேண்டிய மரத்தையும் தகரத்தையும் கணக்கிட்டவர் எவரோ, அவருக்குப் பந்தயப் படகுகளை வடிவமைத்தோரின் நுட்பத்தில் ஒரு துளியேனும் வாய்த்திருப்பின் நன்றாயிருந்திருக்கும். படகிலாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம் அமைத்தே கட்டுவர். லயத்திலே கட்டியவர் சுவரை மட்டும் எழுப்பிவிட்டுப் போனார். இடத்தைக் குடிவந்தவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவ்வாறு உண்டாக்கிக்கொண்ட தம்பதி ஒன்று. அவர்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கு வேண்டற்பாலன அல்ல.

1968ஆம் ஆண்டு தை மாதம் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவள் மணமாகி வந்தாள். தகரப் பெட்டியொன்றும் பித்தளைக் குடமொன்றும் பெட்டையாட்டுக் குட்டியொன்றும் அவளது சீர். அவனிடம் இருந்தது ஒரு நாய்க்குட்டி. கொழுந்து லொறிச் சாரதி ஒருவர் கொடுத்தது. மணி என்று பெயர். காம்பராவில் அவனது தாயும் தகப்பனும் தம்பியும் முன்னரே இருந்தனர். புதுத் தம்பதிக்கு வசதி செய்யும் பொருட்டுத் தகப்பனும் தம்பியும் இஸ்தோப்புக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டனர். தாய் அடுப்படியில் ஒதுங்கினாள். நடுவே கயிறு கட்டிப் பழைய சேலையொன்று தொங்கவிடப்பட்டது. அச்சேலையே அவர்களுடைய வீடு.

முதல் ஆறு மாதமும் பகை மனிதருக்கிடையில் இருக்கவில்லை. ஆட்டுக்கும் நாய்க்கும் இடையிலேயே இருந்தது. இஸ்தோப்பின் ஒரு மூலை ஆட்டுக்கென ஒதுக்கப்பட்டது. அம்மூலை தனது என்பது நாயின் எண்ணம். வெளியே கட்டலாமெனின், அப்புத்தளையின் இரவுக் குளிரும் சாரலும் குட்டிக்கு ஆகா. நாயை வெளியே விடுதலும் இயலாது. மலைக்காட்டிலிருந்து இறங்கிவரும் சிறுத்தை (தோட்டத்தார் அதனைப் புலி என்றே சொல்வர்) முதலில் தேடுவது நாயைத்தான். முந்தின மாதம் பக்கத்து லயத்தில் ஒன்று காணாமற் போயிருந்தது. ஆகவே இரவானதும் இரண்டும் உள்ளேயே அடைக்கப்பட்டன. போதாக்குறைக்கு, மாமியாரின் அடைகோழி ஒன்று கூடைக்கடியில் இருந்தது. ஐந்து மனிதரும் மூன்று உயிர்களும் மூச்சுவிடும் அவ்வறையின் ஒரே சன்னல், குளிருக்கு அஞ்சிச் சாக்கினால் அடைக்கப்பட்டிருந்தது. ஈரவிறகின் புகை போக வழியின்றிக் கூரையைத் தடவிக்கொண்டு நிற்கும். மூடுபனி வெளியே, புகை உள்ளே.

பழகிக்கொள்ளுதல் என்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. சிறுசிறு கண்டுபிடிப்புகளாலேயே நிகழ்வது. அடுப்புக்கு மேலே பரண் கட்டினால் மறுநாளைய விறகு அப்புகையிலேயே காய்ந்துவிடும் என்பதை மாமியாரிடமிருந்து அவள் கற்றாள். குடை, கம்பளி, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் ஆணி. ஆணி மாறின் இருளில் விடியற்காலைப் பிரட்டுக்குப் புறப்படுகையில் வீடே கலங்கிவிடும். பீலியிலிருந்து கொணரும் நீர் மூன்று குடம். அதில் ஆட்டுக்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு, முகங் கழுவ எவ்வளவு என்பது கணக்கு. அவனும் சிலவற்றைக் கற்றான். காம்பராவுக்குள் நுழையுமுன் இருமுதல். தம்பி கேட்கும்படியாக மனைவியைக் கடியாதிருத்தல். வேலை முடிந்து வருகையில் மானாப்புல் ஒரு கட்டுக் கொண்டுவருதல். இவற்றுள் கடைசியானதே அவளை மிக மகிழ்வித்தது எனலாம். அவளுடைய ஆட்டைத் தன்னுடையதாகவும் அவன் ஏற்றுக்கொண்டான் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் கோபித்துக்கொள்ள இடமில்லாக் குறை தீரவில்லை. கணவனும் மனைவியும் உரத்துப் பேசினால், சுவருக்கு மேலே கூரைவரை திறந்திருக்கும் வெளியின் வழியாகப் பக்கத்துக் காம்பரா முழுவதும் கேட்கும். இதற்கும் ஒரு வழி பிறந்தது. அவள் நாயுடன் பேசினாள்.

"மணி, சோறு ஆறிப்போவுதுன்னு சொல்லு."

அவனும் நாயிடமே மறுமொழி சொல்வான். "எனக்குப் பசிக்கலன்னு சொல்லுடா."

தன் பெயர் இருபுறமிருந்தும் வருவதைக் கேட்ட நாய், யாரிடம் போவது என்றறியாமல் நடுவிலே நின்று வாலாட்டும். மாமியார் சிரித்துவிடுவாள். அத்துடன் அன்றைய சண்டை முடியும். கணவன் பெயரை வாயாற் சொல்லுதல் கூடாதென்ற வழக்கமுடைய குடும்பத்தில், "இந்தாங்க" என்ற விளியைவிட நாயின் பெயர் அவளுக்கு வசதியாயிருந்தது போலும்.

ஆடு நான்கு ஈற்று ஈன்றது. முதற்பிள்ளைக்குத் தாய்ப்பால் குறைந்தபோது அதன் பாலே துணைநின்றது. 1973, 1974 ஆகிய ஆண்டுகளின் பஞ்சம் தோட்டங்களை வாட்டிய கதை பலரும் அறிந்ததே. அரிசியும் மாவும் கிட்டாதபோது குட்டிகள் ஒவ்வொன்றாக விலைபோயின. கடைசியாகத் தாயாடும் போயிற்று. அன்றிரவு இஸ்தோப்பு மூலை வெறுமையாய்க் கிடந்தது. ஏழாண்டுகளாய் அதற்காகச் சண்டையிட்ட நாய் அங்கே போய்ப் படுக்கவில்லை.

இதற்கிடையே கடதாசிகள் நகர்ந்துகொண்டிருந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களைப் பங்கிட்டுக்கொள்வதற்கு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்பது கணக்கு. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. பத்தடி அறையிலே மூன்று குடம் நீரைப் பங்கிடுவோர் இப்பங்கீட்டை நன்கு விளங்கிக்கொண்டனர். கிழவர் இந்தியாவுக்கு எழுதிப்போட்டிருந்தார். மகனும் அவ்வாறே செய்தான். கடவுச்சீட்டு வந்து சேருமுன் கிழவர் இறந்தார். தம்பிக்கு எழுத்து வேறுவிதமாய் அமைந்தது. அவன் இலங்கையன் ஆனான். தாய் அவனுடன் தங்கினாள்.

இவ்விடத்தில் மற்றொரு தம்பதியின் கதையை நினைவுகூர்தல் பொருந்தும். ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த மத்தியு பிளின்டர்ஸ் 1801 ஏப்ரலில் ஆன் சப்பெல் என்பவளை மணந்து, அவுஸ்திரேலியாவை அளக்கச் செல்லவிருந்த 'இன்வெஸ்டிகேற்றர்' கப்பலில் அவளையும் அழைத்துச்செல்ல எண்ணியிருந்தார். கடற்படை மேலிடம் இதனை அறிந்து தடுத்துவிட்டது. அவள் கரையில் நின்றாள். ட்ரிம் என்ற பூனைக்குத் தடையிருக்கவில்லை. கடற்பயணத்தின்போது கப்பலிலேயே பிறந்த அப்பூனை அவருடன் அவுஸ்திரேலியாவைச் சுற்றிவந்தது. திரும்பும் வழியில் மொரிசியசுத் தீவில் பிரெஞ்சுக்காரர் அவரைத் தடுத்துவைத்தனர். அங்கே பூனை காணாமற் போயிற்று. 1810இல் அவர் இங்கிலாந்து மீண்டபோது கணவனும் மனைவியும் ஒன்பதாண்டுகளின் பின் ஒருவரையொருவர் கண்டனர். அவருக்கு மனைவியை ஏற்ற அனுமதியில்லை, பூனைக்கு உண்டு. அப்புத்தளைத் தம்பதிக்கு வாய்த்தது இதன் மறுதலை.

"மணிய என்னா செய்யிறது?" என்று அவள் கேட்டாள். அவ்வேளை அவள் நாயுடன் பேசவில்லை; அவனிடமே நேராகக் கேட்டாள்.

அவன் விடை சொல்லவில்லை. கொண்டுசெல்லத்தக்க பொருள்களுக்கு அளவிருந்தது. நாய்க்கு அதில் இடமில்லை. தாயும் தம்பியும் அதே காம்பராவில்தான் இருக்கப்போகின்றனர், சோற்றுக்குக் குறைவிராது என்பது ஆறுதலாகக் கூறப்பட்டது. நாயினிடம் எவரும் கூறவில்லை.

1975ஆம் ஆண்டில் ஒருநாட் காலை பெட்டிகள் லொறியில் ஏற்றப்பட்டன. நாயை இஸ்தோப்புத் தூணில் கட்டியிருந்தனர். கயிற்றை எப்போது அறுத்ததோ தெரியாது. அப்புத்தளைப் புகையிரத நிலையத்தில், உறவினர் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழும் கூட்டத்தினூடே, அது இவ்விருவரின் காலடிகளை மோந்து கண்டுபிடித்தது. நாக்குத் தொங்க, சேறு படிந்த உடம்புடன், வழக்கம்போல இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. மகன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனைப் பிரித்தெடுக்கத் தகப்பனுக்கு வலுவிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் செய்தார். கோச்சி நகர்ந்தபோது நாய் மேடையின் முனைவரை ஓடியது. அதன்பின் தண்டவாளத்தில் ஓடியது. வளைவிலே மூடுபனி இறங்கியிருந்தது.

பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பல். மலையிலிருந்து வெள்ளிக் கோடாக மட்டுமே கண்டிருந்த கடல் இப்போது காலடியில் அசைந்தது. சில மணி நேரமே நீடித்த பயணம், பலருக்கு வாந்தி. அவள் தகரப் பெட்டிமேல் அமர்ந்து, பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இருபுறமும் அணைத்திருந்தாள். கையகல இடத்தில் பெட்டி, குடம், பிள்ளை, சோற்றுப் பொதி ஆகிய எல்லாவற்றுக்கும் இடங்கண்டு அவள் அடுக்கியிருந்த நேர்த்தியைக் கண்ட மாலுமி ஒருவர் முன்னரும் கப்பலேறியதுண்டோ என வினவினார்.

மண்டபம் முகாமில் சிலநாள் கழிந்தன. பின்னர் நீலகிரி மாவட்டத்தில், தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை கிடைத்தது. கோத்தகிரிப் பக்கம். அங்கும் வரிசை வீடு, அங்கும் குளிர், அங்கும் மூடுபனி. ஆணிகளை எங்கே அடிப்பதென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே ஓர் ஆடு வாங்கினர். நாய் வளர்க்கலாமென மகன் கேட்டான். தகப்பன் வேண்டாமென்றான், காரணம் சொல்லவில்லை.

தம்பியிடமிருந்து கடிதம் வரும். எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்த கடிதம்: அம்மா சுகம், மழை அதிகம், தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள். 1977இல் வந்த கடிதத்தில், தம்பிக்குத் திருமணமாயிற்று என்றும், புதுப்பெண்ணுக்கு நாயென்றாற் பயமாதலின் முதலில் சற்றுத் தொந்தரவாயிருந்தது என்றும், இப்போது பழகிவிட்டாள் என்றும் இருந்தது. நாய்க்குக் கண் மங்கிவிட்டது. ஆயினும் மாலைக் கோச்சி கூவினால் எழுந்து நிற்கிறது.

அவன் கடிதத்தை மடித்துக் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டு வெளியே சென்றான். அன்றிரவு சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கதவருகே நின்று, இருளை நோக்கி, பழக்கத்தினாலே "மணி" என்று தொடங்கி, பின் நிறுத்தி, வாழ்நாளில் முதன்முறையாக அவனைப் பெயர் சொல்லி அழைத்தாள்.