பட்சிக் கணக்கு

தேச சேவை என்றால் மேடையும் மாலையும் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மேடையும் மாலையும் இல்லாமல், விடியற்காலைப் பனியில் ஏரிக்கரையில் நின்று கொக்குகளை எண்ணுவதும் தேச சேவைதான் என்று சொன்னால், நேயர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையில், குன்றின் மேல் அருணாசலேசுவரர் கோயில் விளங்கும் ஊர் காரிமங்கலம். மழையை நம்பி வாழும் சீமை அது. "சௌக்கியமா?" என்று கேட்பதற்கு முன்னால், "ஏரியில் தண்ணீர் உண்டா?" என்று கேட்பதுதான் அங்கே பொருத்தம். அதற்குச் சமீபத்தில் இருக்கிறது தும்பலஅள்ளி அணை. ஒரு பொங்கல் விடுமுறையில் அந்தப் பக்கத்து நீர்நிலைகளைச் சுற்றிப் பட்சிகளை எண்ணப் புறப்பட்ட தொண்டர்களுடன் நாமும் சேர்ந்துகொண்டோம்.

பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் இந்த வழக்கம் 2015-ம் வருஷத்தில் தொடங்கியது. ஏதேனும் ஓர் இடத்தில் கால் மணி நேரமாவது நின்று, கண்ட பட்சிகளை இனவாரியாக எண்ணி, 'இ-பேர்டு' என்னும் பொதுக் கணக்கில் பதிய வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது; உத்தியோகமும் கிடையாது.

வேலை சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். நாம் "ஏழு" என்று சொல்ல வாயெடுக்கும் சமயத்தில் முக்குளிப்பான் முழுகிவிடும். எழுந்திருப்பது வேறு இடத்தில். நாமக்கோழிகளோ கூட்டமாக மிதக்கும். பத்து பட்சிகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்துகொண்டு, அப்படி எத்தனை பத்துகள் என்று கணக்கிட வேண்டும்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வெகு நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "கொக்கை எண்ணி என்ன சாமி ஆகப்போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

1900-ம் வருஷத்தில், அமெரிக்காவில் பிராங்க் சாப்மன் என்பவர் கிறிஸ்துமஸ் தினத்தில் பட்சிகளைச் சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்று யோசனை சொன்னார். அன்று எண்ண வந்தவர்கள் 27 பேர்தான். நமது தேசத்திலோ, 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கைக்கு ஆதாரமாயிருந்தவை சுமார் 30,000 பேர் தந்த மூன்று கோடிக் குறிப்புகள். 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 இனங்களை உடனே கவனித்துக் காக்க வேண்டும் என்று அது எச்சரித்தது. அந்த மூன்று கோடியும் இப்படிக் கரையில் நின்றவர்கள் ஒவ்வொன்றாக எழுதியவைதாம்.

நமக்கு இது புதிதும் அன்று. வேடந்தாங்கல் கிராமத்தார் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று மன்றாடி, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் பத்திரம் பெற்றார்கள். பட்சிகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இப்போது சர்க்கார் சட்டமே காவலாயிருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், அறிவிப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். காவல் தினமும் நடக்க வேண்டும். காட்டுக்குள் நம் இஷ்டப்படி நுழையக்கூடாது. வனத்துறையார் கணக்கெடுப்புக்குத் தொண்டர்களை அழைக்கும்போது அவர்களுடன் போகலாம். வேலிக்கு வெளியே உள்ள ஏரி குளங்களுக்கோ நாமேதான் காவல். காடுகளையும் ஏரிகளையும் காப்பது பிரஜையின் கடமை என்று 1976-ம் வருஷத் திருத்தத்தின் மூலம் நமது அரசியல் சட்டமும் சொல்லிவிட்டது.

அன்று கடைசியாக ஒரு குட்டைக்குப் போனோம். கரையெல்லாம் சீமைக்கருவேலம், நடுவில் சேறு, ஒரு மூலையில் குப்பை. கால் மணி நேரம் நின்றும் ஒரு நீர்ப்பறவையைக் கூடக் காணோம். எங்களுடன் வந்த கல்லூரி மாணவர் பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டு, "இதை எழுத வேண்டுமா? ஊருக்கே அவமானமாயிருக்கிறதே!" என்றார். அவருக்கு அது சொந்த ஊர்ப்பக்கம்.

குழுவுக்குத் தலைமை வகித்த ஆசிரியை, "இதைத்தான் தம்பி முதலில் எழுத வேண்டும்" என்றார். "தண்ணீர் ததும்பும் ஏரிகளை மட்டும் எழுதினால், தேசத்தில் எல்லா ஏரிகளும் நன்றாயிருப்பதாகப் புத்தகம் சொல்லும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு உடம்பு சூட்டைக் குறைத்துச் சொன்னால் வைத்தியர் என்ன செய்வார்?"

மாணவர் பேசாமல் பென்சிலை எடுத்தார். இடத்தின் பெயர், தேதி, நேரம் எல்லாம் எழுதி, நீர்ப்பறவைகளுக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டார். அன்று நாங்கள் எழுதிய எண்களில் மிகவும் கனமானது அந்தப் பூஜ்யந்தான் என்பது நமது அபிப்பிராயம்.

காணும் பொங்கலன்று குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்தால் ஆரம்பிக்கலாம். நாம் அடுத்த பொங்கலுக்கும் அந்தக் குட்டையைப் பார்க்கப் போவதாக இருக்கிறோம். பட்சி வந்திருந்தாலும் எழுதுவோம், வராவிட்டாலும் எழுதுவோம்.