ஸ்கோப்புக்குக் குடுக்கிற காசு

துவக்கு எண்டால் எங்கட ஆக்களுக்கு வேற நினைவுகள்தான் வரும். நான் இருக்கிற யேர்மன் கிராமத்தில அது காட்டுப்பன்றி வேட்டைக்கு. என்னோட வேலை செய்யிற ஒருவர் வேட்டைக்காரர். அவரின்ர றைபிளை விட அதில பூட்டியிருக்கிற ஸ்கோப் விலை கூட. இதென்ன விசர்க்கணக்கு எண்டு கேட்டன்.

கணக்கில நியாயம் இருக்கு. பன்றி வெளிய வாறது பொழுதுபட்ட பிறகு. குட்டிகளை வளர்க்கிற தாயைச் சுடுறது இங்க சட்டப்படி குற்றம். ஆகவே சுடமுதல் எது நிக்குதெண்டு வடிவாத் தெரியவேணும். சாதாரண கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலயும் 4 சதவீதம் அளவில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும். ஸ்கோப்புக்குள்ளயோ பல வில்லைகள். 1935இல் சைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சு அந்த இழப்பைக் குறைத்தது. சைஸ், ஒஸ்ரியாவின் சுவரோவ்ஸ்கி போன்றவற்றின் நல்ல ஸ்கோப்புகள் இண்டைக்கு 90 சதவீத வெளிச்சத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருகின்றன. காசு அதுக்குத்தான்.

ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தேவையில்லை. 8x56 எண்டால் 8 மடங்கு பெருக்கம், 56 மி.மீ. முன்வில்லை. பிரித்தால் 7 மி.மீ. ஒளிக்கற்றை. இளவயதுக் கண்மணி இருட்டில் அவ்வளவு விரியும். 60 வயதில் பலருக்கு 5 மி.மீ. அளவுதான்; மிச்ச வெளிச்சம் உள்ள போகாது. அவருக்கு 8x42 காணும். பகலில் மட்டும் வேட்டைக்குப் போறவருக்கு விலை குறைந்த செக் நாட்டு மெயோப்ராவே தாராளம்.

பெயரைப் பார்த்துக் காசைக் கொட்டாமல், முதலில் தன்ர கண்ணையும் காட்டுக்குப் போற நேரத்தையும் பார்த்து வாங்கிறவர்தான் கெட்டிக்காரர்.