பச்சை மல்லாட்டை

சென்னையில் மல்லாட்டைக்கு ஒரு குறையும் இல்லை. மெரினாவில் மணலில் வறுத்துப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. கிடைக்காதது, பிடுங்கிய அன்றே வேகவைத்த பச்சை மல்லாட்டை.

திண்டிவனம் பக்கம் ஆடிப்பட்டத்தில் விதைத்தால் சுமார் 105 நாளில் காய் முற்றும். எங்கள் கொல்லையில் போட்டது டி.எம்.வி. 2. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்டது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்தது. மஞ்சள் பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் காயாகும். அந்த நேரத்தில் யாராவது கொல்லையில் கால் வைத்தால் ஆயா அங்கிருந்தே கத்தும்: “டேய், ஊசி எறங்குது, மெதிக்காத!”

பிடுங்கிய செடியை உதறிக் குவித்ததும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். கூலி காசில்லை, ஆய்ந்ததில் பங்கு. மரக்காலில் அளந்து முடித்தபின் மேலே ஒரு கை போடச் சொல்லி நடக்கும் சண்டை தனிக் கச்சேரி.

அன்று மாலையே முற்றல், அரைக்காய், பிஞ்சு எல்லாம் குண்டானில் ஏறும். மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கல்லுப்புப் போட்டு வேகவைப்பது. பிஞ்சில்தான் விஷயமே. ஓட்டோடு மென்றால் முதலில் உப்புத் தண்ணீர், பிறகு பருப்பின் இளந்தித்திப்பு. சீசனில் இங்கும் தள்ளுவண்டியில் பச்சைக்காய் வரும். ஆனால் பிஞ்சைக் கழித்துவிட்டு முற்றலாகப் பொறுக்கியது, வழியிலேயே வாடியது. காய்ந்ததை ஊறவைத்து அவிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது பட்டாணி.

மிஞ்சியதை உரித்துக் கத்திரிக்காயோடு காரக்குழம்பு வைப்பார்கள். புளி ஏறிய அந்தப் பருப்பு மறுநாள் பழைய சோற்றுக்கு. கொடி மாட்டுக்கு. செக்குக்குப் போனது எண்ணெயாகவும் பிண்ணாக்காகவும் திரும்பி வரும். மாட்டுக்கு ஊறப்போடும் முன் பிண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்து வாயில் அடக்கிக்கொள்வோம்.

இப்போது அந்தக் கொல்லையில் சவுக்கு நிற்கிறது. காய் ஆய ஆள் இல்லை, இருக்கிறதையும் பன்றி தோண்டிப்போடுகிறது என்கிறார் சித்தப்பா. அவர் சொல்வதில் தப்பில்லை. பக்கத்துக் கொல்லையில் பிடுங்குகிறார்களாம், பஸ்ஸில் கொடுத்தனுப்பவா என்று போன ஐப்பசியில் கேட்டார்.

“வேகவெச்சே அனுப்புங்க சித்தப்பா.”

“ஊசிப்போயிடும்டா.”